மதில் இல்லாத ஊரில் ஒரு வாசல்

போன வைகாசி விடுமுறையில் ஏறாவூரில் ஒரு நண்பர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். சும்மா இருக்க முடியவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் தனியாக நிற்கிற பழைய வாசலின் படத்தை இணையத்தில் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் மதில் இல்லாத இடத்தில் வாசல் எதற்கு? யாரோ அண்மையில் கட்டி, பழசு என்று நம் தலையில் கட்டுகிறார்களா? நான் தேங்காய் வாங்கினாலும் மூன்று முறை தட்டிப் பார்க்கிற ஆள். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

காலை 6.10க்கு பஸ். பதினான்கு கிலோமீற்றர், எண்பது ரூபாய், அரை மணி நேரம். மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து வாவிக்கரை நடைதூரம்தான், ஓட்டோ தேவையில்லை. ஏழு மணிக்கு முன்பே வாசலடியில் நின்றேன். வெள்ளையடித்த வளைவு, அதன் வழியே தெரிகிற தண்ணீர். பூச்சு புதுசாக இருந்ததும் சந்தேகம் கூடிவிட்டது. எந்தப் பயணத்திலும் பையில் ஒரு அளவு நாடா வைத்திருப்பேன். அதை எடுத்துத் தூணின் தடிப்பை அளந்து, கொப்பியில் குறித்தேன்.

பக்கத்தில் ஓட்டோவில் சாய்ந்திருந்தவரிடம் வாசல் எவ்வளவு பழையது என்று கேட்டேன். பெயர் நவாஸ், காத்தான்குடிக்காரர்.

“பழசா? இல்ல சேர். இது புதுசு. இப்பக் கிட்டத்திலதான் கட்டின.”

வாசல் நிழலில் வறுத்த கடலை விற்கும் கச்சான் வண்டியோடு நின்ற றெஜினா அக்காவும் அதையே சொன்னார். எவ்வளவு காலமாக இங்கே விற்கிறீர்கள் என்று கேட்டேன். “இண்டைக்குத்தான் வந்தன்” என்றார். வண்டிச் சில்லு நின்ற இடத்தில் மண் ஒரு சாண் பள்ளமாகியிருந்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பள்ளத்தையும், வாசலிலிருந்து வண்டிக்கு எத்தனை அடி என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஒல்லாந்தர் கோட்டைக்குப் பத்து நிமிட நடை. போர்த்துக்கேயர் தொடங்கியது, பிறகு ஒல்லாந்தர் பிடித்தது. அந்தக் கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை, பார்த்தாலே பழசு. பத்தரைக்கு வாசலுக்குத் திரும்பினால் கச்சான் வண்டியைக் காணவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், கொளுத்துகிற வெயிலில், றெஜினா அக்கா ஒரு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

நவாஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க எந்தக் கந்தோர் சேர்?”

எந்த அரசாங்க அலுவலகமும் இல்லை, ஊர் சுற்றி எழுதுகிறவன் என்றேன். நம்பவில்லை. கைப்பேசியில் வலைப்பதிவைத் திறந்து காட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

“முன்னம் ஒருத்தர் இப்பிடித்தான் நாடாவோட வந்து அளந்து எழுதிக்கொண்டு போனவர். ஆரெண்டு தெரியா. அதுக்கு மறுகா பழம் வித்த மனிசனுக்கு இஞ்ச இடமில்லாமப் போயிற்று. பழசெண்டு சொன்னா கந்தோராக்கள் வந்து வேலி போட்டிருவாங்க எண்டு பயம். அதுதான் புதுசெண்டு சொன்ன. அக்காட வீட்டுல உழைக்கிற ஆள் அவ மட்டுந்தான்.”

“அப்படியானால் மதில் எங்கே?”

“மதிலா? இது தீவு சேர், புளியந்தீவு. பாலம் வர முன்னம் தோணியிலதான் வரோணும். தண்ணிதான் மதில்.”

பின்னர் ஊருக்குத் திரும்பித் தேடிப் பார்த்தேன். அது சரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மெதடிஸ்த மிஷனரி கரையிறங்கியதும் இந்த இடத்தில்தான் என்கிறார்கள். ஆனால் அந்த நேரம் வரலாறு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தெருவைக் கடந்து றெஜினா அக்காவிடம் போனேன்.

“என்னத்த எழுதின நீங்க? வாசிங்க பாப்பம்.”

வாசித்தேன். கச்சான் வண்டி, இத்தனை அடி, நெடுங்காலமாக நிற்கிறது, பொய் சொல்கிறார். அந்தத் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்து, பழைய இடத்துக்கே போங்கள் அக்கா என்றேன்.

“தாளக் கிழிச்சிட்டீங்க மகன். தலைக்குள்ள கிடக்கிறத என்ன செய்யிற?”

நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினேன். நான் பஸ் ஏறும்வரை வண்டி நிழலுக்குத் திரும்பவில்லை. ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனேன். அங்கே சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

போகிறவர்களுக்கு: வாசலைப் பார்க்கக் கட்டணம் இல்லை. எட்டு மணிக்கு முன் போனால் வெயில் இராது. கோட்டையையும் சேர்த்து மூன்று மணி நேரம் போதும். நாடாவும் கொப்பியும் வீட்டிலேயே இருக்கட்டும். இருவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன், படம் போடவில்லை, அந்த அடிக்கணக்கையும் சொல்லமாட்டேன். கச்சான் வாங்குங்கள், ஆனால் கேள்வி கேட்காதீர்கள். வண்டி நிழலில் நிற்கிறதா வெயிலில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நிழலில் என்று யாராவது எழுதும்வரை நான் அந்தப் பக்கம் போவதாக இல்லை.