பெயர்களை எழுதித் தரச் சொன்னேன்

அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு. அவருடைய நல்ல குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் கேட்டு நான் மறுத்த ஒன்றை நான் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் பிறந்த அக்கா பதினாறு வயதில் மணமாகிக் கல்கத்தா வந்தார். ரயில்வேயிலிருந்த அத்திம்பேர் சீக்கிரமே காலமானார். தையல் வகுப்பு நடத்தியும், லேக் மார்க்கெட் வீட்டின் மாடி அறையை வாடகைக்கு விட்டும் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார் அக்கா.

எழுபதுகளில் அந்த அறைக்கு அன்னா என்ற ஜெர்மானிய நர்ஸ் குடிவந்தார். முன்கையில் பச்சை குத்திய எண். கீழே அக்காவோடு இருந்த நான், சிறைக்குப் போய் வந்தவள் என்று முதல் நாளே முடிவுகட்டினேன். அக்கா விவரம் சொன்னார். ஐரோப்பாவில் நாடோடிகள் என்று ஒதுக்கப்பட்ட ரோமா, சிண்டி மக்களில் அன்னா ஒருவர். நாஜிகள் அவர்களை முகாம்களில் அடைத்து, கையில் எண் குத்திக் கொன்றார்கள். அவர் வீட்டில் மிஞ்சியது அவர் மட்டும்.

நான் சரித்திரம் படித்தவன். யூதர்களைப் பற்றிப் படித்திருந்தேன். இவர்களைப் பற்றி ஒரு வரியும் படித்ததில்லை. அதனால் நடந்திருக்காது என்று நினைத்தேன். நரிக்குறவரைக் கண்டால் கொல்லைக் கதவைச் சாத்தும் வீட்டில் வளர்ந்தவன் வேறு.

மகாளய அமாவாசைக்கு முன்தினம் அக்கா கேட்டார்: "கங்கைக்குத்தானே போறே? அவ மனுஷாளுக்கும் ஒரு கை எள்ளும் ஜலமும் விடுடா. அவாளுக்குச் செய்ய யாருமில்லே."

"பேர், உறவு எல்லாம் எழுதித் தரட்டும். அப்புறம் பார்க்கலாம்."

காகிதமும் பேனாவுமாக நானே மாடிக்குப் போனேன். அன்னாவின் முகம் வெளுத்தது. "பெயர்கள் எதற்கு, தாதா? யாரிடம் கொடுப்பீர்கள்?" என்று, என்னை அண்ணன் முறை வைத்து வங்காளத்தில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே வந்து, "பார்த்தியா? இருந்தாத்தானே எழுதறதுக்கு!" என்றேன்.

"அசடே! அவ ஊர்ல சர்க்கார் ஆளுங்க வந்து பேரெல்லாம் எழுதிண்டு போனாளாம். அந்தப் பட்டியலை வெச்சுண்டுதான் அப்புறம் வீடு வீடா பிடிச்சாளாம். அவகிட்டப் போய்க் காகிதத்தை நீட்டினியா?"

அதையும் நான் நம்பவில்லை. அந்த மாதமே அன்னா அறையைக் காலி செய்தார். ஒவ்வொரு மகாளயத்துக்கும் அக்கா கேட்டார், மறுத்தேன். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கேட்டபோது, செய்யும் எண்ணமில்லாமலே "ஆகட்டும்" என்றேன்.

அக்காவின் காரியத்துக்கு அன்னா வந்திருந்தார். நான் இல்லாத வேளை பார்த்து ஜாதவ்பூரிலிருந்து வந்து அக்காவுக்கு உடம்பு துடைத்துவிட்டவர் அவர்தான் என்று அன்றுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். எதையும் எழுதிக்கொள்ள மாட்டேன் என்றேன். நம்பினார் என்று சொல்ல மாட்டேன். "தீதிக்காக" என்று, அக்காவுக்காக, ஏழு பெயர்களைச் சொன்னார். கடைசிப் பெயர் நான்கு வயதுத் தம்பியுடையது.

சென்ற மகாளயத்தன்று அவர்களுக்கு நீர் விட்டேன். பெயரே தெரியாதவர்களுக்கும் விடலாம் என்றார் சாஸ்திரிகள். இத்தனை வருஷம் அவரை நான் கேட்கவேயில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் உதவிய பவானிபூர் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஏழு பெயர்களை அச்சிட வேண்டாம் என்று அன்னா கேட்டுக்கொண்டார். அச்சிடவில்லை. அன்னா என்பதும் அவர் பெயரல்ல.