பிரேசில் வரை போன சரக்கு

போன வாரம் புது மடிக்கணினியில் போட லினக்ஸ் இறக்கினேன். டீ ஆறுவதற்குள் முழுசாக வந்துவிட்டது. எனக்கு அது கொஞ்சம் மரியாதைக்குறைவாகப் பட்டது. நான் அறிந்த லினக்ஸ் மூன்று நாள் காக்க வைத்துத்தான் வரும். அதை நினைத்தாலே மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும்.

வாசனைக்குக் காரணம் சிவகாசியில் நான் முதன்முதலில் வேலை பார்த்த அச்சாபீஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற இடம். மெஷினை மண்ணெண்ணெய் விட்டுத்தான் துடைப்பார்கள். ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் டிசைன் போடுவேன். யார் யாரோ கொண்டுவரும் பென்டிரைவில் வைரஸ் வந்து, சீசனில் இரண்டு தடவை டிசைன் எல்லாம் அழிந்துபோனது.

"ஒரு கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு, பென்டிரைவ அதுல பாத்துட்டு எடுத்தா போதும் அண்ணாச்சி. இந்த வைரஸ் அதுல ஏறாது. காசே கிடையாது" என்று முதலாளியிடம் அளந்துவிட்டேன்.

"இன்னொரு தடவ அழிஞ்சா வேற ஆளு பாத்துக்கிருவேன்" என்றார்.

வேலை போனால் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள். அதனால் எனக்கு அந்த லினக்ஸ் வந்தே ஆக வேண்டும்.

டொரண்டில் போட்டேன். அதில் சரக்கு ஒரே இடத்திலிருந்து வராது. உலகத்தில் யாரிடமெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். வந்த துண்டை நாமும் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்போம். வருவதற்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு, போவதற்கு மேல்நோக்கி ஓர் அம்பு. மூன்றாம் நாள் தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நிற்கும்போது அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இங்கன இருந்து என்னமோ வெளிய போகுதே?"

"ஆமா அண்ணாச்சி, வேணுங்கிறவுகளுக்குக் குடுக்கோம்."

நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டார். டிசைன் வெளியே போய்விடும் என்று வேஸ்ட் தாளைக்கூடக் கிழித்துத்தான் குப்பையில் போடுகிற மனுஷர் அவர். "இந்த வருசத்து லேபிள் அம்புட்டும் அதுலதான இருக்கு? எந்தக் கம்பெனிக்குக் குடுத்த?"

அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் விளக்கமும் சொன்னேன். "சீசன்ல மஞ்ச மை தீந்தா பக்கத்து அச்சாபீஸ்ல ஒரு டின்னு வாங்குதோம். அவுகளுக்குத் தீந்தா நாம குடுக்கோம். அதுமாதிரிதான் அண்ணாச்சி. மைதான் போகுது, லேபிள் போகல."

பிறகு அவரே ஒயரைச் செருகினார். முதலிலிருந்து வரப்போகிறது என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு விட்ட இடத்திலிருந்து வந்து முடிந்தது. நிம்மதியாக டொரண்டை மூடப் போனேன்.

"நமக்கு வந்துட்டா மூடிருவியா? அங்கன ஒருத்தன் மை இல்லாம நிக்கான்ல. தொறந்து வையி."

அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு யாரு வந்திருக்காக?" நம்மிடம் துண்டு எடுக்கிறவர்களின் நாட்டுக் கொடி திரையில் தெரியும்; அதைப் பார்த்து நாடு நாடாக வாசிப்பேன். பிரேசில்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். "அங்கன தீவாளி உண்டுமா?" என்று அண்ணாச்சி விசாரித்தார். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் "நம்ம சரக்கு பிரேசில் வரைக்கும் போகுது" என்பார். அவர்கள் லேபிளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வாயைப் பிளப்பார்கள். நான் திருத்தப் போகவில்லை. அந்த சீசனில் ஒரு டிசைனும் அழியவில்லை. கல்யாணப் பேச்சும் தள்ளிப்போனது.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் பேச்சைக் கேட்க இன்றும் ஆசையாக இருக்கிறது. போன வாரம் லினக்ஸ் வந்தது டொரண்டில் இல்லை, ஏதோ ஒரு சர்வரிலிருந்து. பழக்கதோஷத்தில் யார் கொடுத்தது என்று திரையில் தேடினேன். ஒரு கொடியும் இல்லை. நானும் யாருக்கும் ஒரு துண்டும் கொடுக்காமல் மூடிவிட்டேன். அண்ணாச்சி பார்த்திருந்தால் இப்போதுதான் ஒயரைப் பிடுங்கியிருப்பார்.