மிச்சமான ஸ்குரூ

எங்கள் வீட்டு கிரைண்டர் புகைந்ததற்கும் சித்தப்பா கடலுக்குப் போனதற்கும் நடுவில் ஒரு ஸ்குரூ இருக்கிறது. அதை வைத்தவன் நான். ஏழு வயதில், ஊரையே சிரிக்கவைக்கப் பிறந்தவன் என்று எனக்கு நினைப்பு.

சித்தப்பாவுக்குப் படகில் ஏறினால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். காரைக்காலில் மீன்பிடிக்கும் வீட்டில் பிறந்தவர் வெளியே சொல்லிக்கொள்ளும் வியாதியா அது? கரையிலேயே மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மாவின் கிரைண்டர் உறுமியது; சுற்றவில்லை. உளுந்து வேறு ஊறிக்கொண்டிருந்தது.

"இதச் சரி பண்ணிக் காட்டு. கடையப் பத்தி அப்பறம் பேசுவோம்" என்றார் அப்பா.

சித்தப்பா கிரைண்டரைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். பெல்ட் தளர்ந்திருந்தது. கழற்றிய ஸ்குரூக்களை ஒரு சாப்பாட்டுத் தட்டில் பத்திரமாக வைத்திருந்தார். அவர் குனிந்த நேரத்தில், உடைந்துபோன என் மூன்று சக்கர சைக்கிளின் ஸ்குரூ ஒன்றை அதில் போட்டுவிட்டு, யோக்கியனைப் போல் டார்ச் பிடித்தேன்.

பெல்ட்டை இறுக்கி மூடினார். கிரைண்டர் அழகாகச் சுற்றியது. அம்மா உளுந்தை எடுக்கப் போனார். அப்பா தட்டைப் பார்த்தார்.

"இது எங்கடா சேரும்?"

"அதான் ஓடுதுல்லண்ணே."

"ஓடும். படகு இன்ஜின்ல இப்புடி ஒண்ணு மிச்சம் வச்சியன்னா நடுக்கடல்ல தெரியும். கழட்டு."

இரண்டாம் முறையும் ஒன்று மிஞ்சியது. அம்மாவின் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். மூன்றாம் முறை சித்தப்பா அவசர அவசரமாக மூடியை அழுத்தித் திருகினார். உள்ளே ஏதோ ஒயர் நசுங்கியிருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது.

"நல்லா பாத்தீங்க தம்பி. இருந்த சத்தமும் போச்சு" என்றார் அம்மா.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை. "நாளையிலேர்ந்து படகுக்கு வந்துரு" என்றார், அவ்வளவுதான்.

சித்தப்பா இன்றும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டுதான் கடலுக்குப் போகிறார். மூடிய வாயை நானும் இன்றுவரை திறக்கவில்லை.

அந்த முதல் நாள், என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கரையில் புரண்டு அழுதேன். கிரைண்டரைக் கெடுத்தவருக்குப் படகு சவாரி, எனக்கு இல்லையா என்று ஆற்றாமை. சித்தப்பா படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, "எனக்குப் பதிலா நீ போறியாடா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். எனக்குப் போட்டியாக அவரும் வேடிக்கை பேச ஆரம்பித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.