சட்டைப்பை மிட்டாய்

பேட்டரிக் கடைக்காரர் என்றுதான் தெருவில் அவரைக் கூப்பிடுவார்கள். கடை என்னவோ அவருடையது இல்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இவர் பின்பக்கக் கொட்டகையில் செத்த பேட்டரிகளை உடைத்துக்கொண்டிருப்பார்.

ஆசிட் என்றால் அவருக்கு அப்படியொரு பயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சொட்டு தெறித்து முழங்கைத் தோலை உரித்துவிட்டது. அதிலிருந்து ரப்பர் கையுறையும் ரப்பர் அங்கியும் இல்லாமல் பேட்டரியைத் தொடமாட்டார். ஆசிட்டை வடித்து முடித்ததும் இரண்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அதற்கப்புறம் உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளைத் தட்டிப் பிரித்து உருக்குகிற வேலை. அடுப்புச் சூட்டில் ரப்பரைப் போட்டுக்கொண்டு யார் வேகிறது? வெறும் சட்டையோடு நிற்பார். ஈயம் ஆறிவிட்டால் சாது, அது யாரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைப்பு. சாம்பல் நிறத் தூள் பறந்து சட்டையில் படியும். கையால் தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண். சாயந்திரம் அப்பா தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், செருப்புகூடப் போடாமல் ஓடிவரும். தூக்கிக்கொண்டதும் அதன் கை நேரே சட்டைப்பைக்குள் போகும். மத்தியானமே வாங்கிப் போட்ட, தாள் சுற்றாத மிட்டாய் அங்கே கிடக்கும்.

"இந்த ஓட்டமெல்லாம் அப்பாவுக்கா, மிட்டாய்க்கா?" என்று மனைவி சீண்டுவாள்.

"ரெண்டும் ஒரே சட்டையிலதானே இருக்கு" என்பார் அவர். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

கொஞ்ச நாளாகவே குழந்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியே போவதும் சரியில்லை. ஒருநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டது. முகமெல்லாம் வேர்வை. கத்திக் கத்திக் குரலே போய்விட்டது.

"தினம் தினம் மிட்டாய் வாங்கிக் குடுத்தா வயித்துல பூச்சி வராம என்ன வரும்?" என்று மனைவி அவர்மேல் பாய்ந்தாள். பக்கத்து டாக்டரும் பூச்சி மருந்துதான் கொடுத்தார். வலி போவதுபோலப் போய், முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல்வாலாக இருக்கலாம், ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அப்போது வந்த டாக்டரம்மா குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. திரும்பி, அப்பாவின் சட்டையில் படிந்திருந்த சாம்பல் தூளைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பேட்டரிக் கடைங்க. ஆனா ஆசிட் விஷயத்துல நான் ரொம்ப ஜாக்கிரதைங்க."

"ஆசிட்டைக் கேக்கல. ஈயம் உருக்குவீங்களா?"

குழந்தையின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் ஈயம்தான் என்று ஆகிவிட்டது. "அப்பா சட்டைத் தூள்ல இருந்து குழந்தைக்கு இப்படி வர்றது அபூர்வம். அதான் முதல்ல யாருக்கும் தோணல" என்றார் டாக்டரம்மா. "மருந்து குடுத்தா வயித்துவலி போயிடும். ஆனா ஈயம் வயித்தோட நிக்காது, மூளைக்கும் போகும். அங்க என்ன பண்ணியிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகும்போதுதான் தெரியும்."

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. "நானும்தானே அந்தச் சட்டையையும் அவ துணியையும் ஒரே வாளியில ஊறவெச்சேன்" என்றாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

"இத்தனை வருஷமா நானும் இங்கதான் உக்காந்திருக்கேன். எனக்கு என்னய்யா ஆச்சு?"

"நீங்க கல்லாவுல உக்காந்திருக்கீங்க."

முதலாளிக்குச் சுருக்கென்றது. பின்பக்கம் ஒரு குழாய் மட்டும் போட்டுக் கொடுத்தார். வேறு வேலை தேடி அலைந்து பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. இப்போது அங்கேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். அந்தச் சட்டையில் பை இல்லை. அவரே பிளேடால் பிரித்து எடுத்துவிட்டார்.

குழந்தைக்கு இப்போது வலி இல்லை. தெருமுனைக்கு ஓடிவருவதும் இல்லை. வாசலிலேயே நின்று, அம்மா சொல்லிக்கொடுத்தபடி, "குளிச்சியா?" என்று கேட்கும்.

"குளிச்சிட்டேன்டா கண்ணு."

அதன்பிறகுதான் கிட்டே வரும். மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணச் சொல்லித்தருவார். மூன்றுக்கப்புறம் அது ஐந்து என்று சொல்லிச் சிரிக்கும். அதே வயதுள்ள எதிர்வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் சொல்கிறது. அந்தப் பிள்ளையின் அப்பா கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துபோகிறார். இவர் மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார். மூன்று வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் வாயையே பார்க்கிறார்.