நாலு விரற்கடை ரப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியில் மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மருமகன் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைப்பதும் தடவுவதுமாக இருக்கிறார். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். உள்ளே நாலு மட்ஃப்ளாப். சேறு தெறிக்காமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடுவார்களே, அந்த ரப்பர் துண்டுகள். ரோட்டோரம் மலிவாகக் கிடைத்ததாம்.

"மாட்டித் தரதுக்குத் தனியா கேக்கான் மாமா. நாலு ஸ்க்ரூதான? நானே போட்டுருவேன்."

புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. அதோடு சேர்ந்து அந்த 'நானே போட்டுருவேன்'. எங்கிருந்துதான் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததோ, கையிலிருந்த டீ டம்ளரைத் தரையில் நங்கென்று வைத்தேன். மகள் பேச்சி எட்டிப் பார்த்து, "ஆரம்பிச்சாச்சா?" என்றாள். ரப்பர் வாடை பட்டால் நான் மாதுங்கா மேனேஜரைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. நீங்கள் புது ஆள், கேளுங்கள்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பயமெல்லாம் இல்லை, அந்தப் பெயர் என் வாயில் வரக் கூடாது, அவ்வளவுதான். கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் மேனேஜர். பாலக்காட்டுக்காரர். மாதுங்காவில் அவர் இருந்த தெருவில் எத்தனையோ தங்கமான மனிதர்கள் இருந்தார்கள், எனக்கு வாய்த்தது இது. ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து ஒரு குட்டிக் கார் வாங்கியிருந்தார். அதற்கு டிரைவர் நான். யுத்தத்தில் ராணுவ லாரி ஓட்டிவிட்டு, யுத்தம் முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டு, தாராவியில் வந்து விழுந்திருந்தேன்.

தாராவி என்றதும் எனக்கு ஈரத் தார்ப்பாய் நாற்றம்தான் முதலில் ஞாபகம் வரும். எங்கள் கூரை ஒரு ராணுவத் தார்ப்பாய். திருநெல்வேலிக்காரர்கள் எட்டுப் பேர் அதன் கீழே ஒரே அறையில், படுக்க இடம் ஆறு பேருக்குத்தான். அந்த அறையில் என் தகரப் பெட்டி. பெட்டியில் என் மனைவி செல்லக்கனி எழுதிய கார்டுகள். பேச்சி பிறந்தபோது ஊருக்குப் போய்ப் பத்து நாள் குழந்தையாகப் பார்த்ததுதான். கையில் வாங்கினேன், வீரிட்டு அழுதாள், திருப்பிக் கொடுத்துவிட்டேன். அத்தோடு ரயிலேறியாகிவிட்டது.

அவர்களைப் பம்பாய்க்குக் கூட்டிவர வேண்டுமென்றால் எனக்கு நிரந்தர வேலை வேண்டும், குடும்பத்தோடு இருக்க ஓர் அறை வேண்டும். அந்தச் சமயம் பஸ் கம்பெனியில் டிரைவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்தால் இரண்டுக்கும் வழி பிறக்கும். வேண்டியது ஒன்றே ஒன்று, இப்போது வேலை பார்க்கும் முதலாளியிடமிருந்து நல்ல டிரைவர் என்று ஒரு கடிதம். மேனேஜரிடம் கேட்டேன்.

"மழை முடியட்டும், தரேன்" என்றார். மழைக்காலத்தில் வேறு டிரைவர் தேட அவருக்குச் சோம்பல். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பம்பாய் மழை உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து மாதுங்காவில் டிராம் மணியும், குதிரை வண்டியும், குதிரைச் சாணியும் உண்டு. மழைத் தண்ணீர் அத்தனையையும் கரைத்து ஒரு குழம்பு வைத்திருக்கும். எங்கள் கார் போனால் அந்தக் குழம்பு பின்னால் வருகிறவர்கள் மேல் வாரி அடிக்கும். கோவிலுக்குப் போன ஒரு பெரியவரின் சலவை வேட்டியில் ஒரு நாள் அடித்துவிட்டது. அவர் தெருவில் நின்று மேனேஜரை வாங்கு வாங்கென்று வாங்கினார். மனதுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது எனக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் காரைக் குர்லாவுக்கு விடச் சொன்னார்.

குர்லாவில் ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களைக் குவித்து வைத்து விற்பார்கள். தண்ணீர்க் குடுவை, பூட்ஸ், ஓட்டை டயர், ஒற்றைக் கையுறை. ஒற்றைக் கையுறையை யார் வாங்குவார்கள் என்று நான் அப்போதே யோசித்திருக்கிறேன். அங்கே இரண்டு மட்ஃப்ளாப் வாங்கினார். ராணுவ லாரிக்கு உள்ளது, உள்ளே துணி வைத்து வார்த்த தடி ரப்பர். நான் நாலு வருஷம் ஓட்டிய லாரியின் பின்னால் தொங்கியது அதுதான், எனக்கு அதன் வாடைகூடத் தெரியும். லாரிக்கு அது இடுப்புத் துணி. அந்தக் குட்டிக் காருக்குப் பாவாடை.

வாசலுக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் குந்தினார். யாரிடமோ கை டிரில் இரவல் வாங்கியிருந்தார். பின்பக்க மட்கார்டு இரண்டிலும் மும்மூன்று ஓட்டை போட்டார். அந்த மட்கார்டே துருப்பிடித்து அப்பளம்போல் இருந்தது. ரப்பரை வைத்துப் பார்த்தார். தரைக்கும் அதற்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாது.

நான் சொன்னேன். என் நாக்கு சும்மா இருக்குமா?

"சாமி, இது லாரிக்குள்ளது. நாலு விரக்கடை வெட்டிருவோம். நடைபாதை ஓரமா பின்னால எடுக்கும்ப டயரு இதை இழுத்து உள்ள போட்டுச்சுன்னா மட்கார்டையே புடுங்கிரும்."

"காசு குடுத்து வாங்கினதை வெட்டிக் குப்பைல போடச் சொல்றியா?" என்றார். "தலைல என்னடா, களிமண்ணா?"

பாருங்கள், அவர் கணக்கு அதுதான். முழு ரப்பருக்கு விலை கொடுத்திருக்கிறார், முழு ரப்பரும் தொங்க வேண்டும். தொங்கவிட்டார். நட்டை முறுக்கி முடித்து, கையைக் கழுவி, ஈரக் கையோடு தெருவில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டார்.

"பாத்தேளா? நானாக்கும் போட்டேன். ஒரு மெக்கானிக் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

அன்றோடு நின்றதா? ஒவ்வொரு நாளும் காலையில் நான் காரைத் துடைக்கும்போது வெளியே வருவார், குனிந்து பார்ப்பார், யாராவது அகப்பட்டால் 'நானாக்கும்'. வேட்டி நனைந்த பெரியவரைக்கூட விடவில்லை. அந்த 'நானாக்கும்' கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்தில்கூட அது வந்தது. நான் தனி டம்ளரில் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பொறுக்காமல் இன்னொரு தடவை சொன்னேன்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. அதை வெட்டாம பின்னால எடுக்கது ஆபத்து."

தெருவே கேட்கும்படி சிரித்தார். "ஊர்ல மாட்டு வண்டி ஓட்டினவனெல்லாம் நேக்கு கார் சொல்லித் தரான்! நட்டும் போல்ட்டும் தலை இருக்கறவா பண்ற வேலையாக்கும். நீ ஸ்டீரிங்கைப் பிடி, போறும்."

நான் மாட்டு வண்டி ஓட்டியதே இல்லை. எங்கள் வீட்டில் மாடு ஏது? டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாயை மூடினேன். மூடியது மூடியதுதான். அப்புறம் ஒரு மாதம் நடைபாதை ஓரமாகப் பின்னால் எடுக்காமலே காலம் தள்ளினேன். நேராக நுழைகிற மாதிரி இடம் தேடுவேன், இல்லையென்றால் இரண்டு தெரு சுற்றி வருவேன். ரப்பருக்காக இல்லை, என் கடிதத்துக்காக. அதற்கிடையே செல்லக்கனியிடமிருந்து ஒரு கார்டு. 'பேச்சி குப்புற விழுந்துட்டா. ஒங்க மூக்குதான்னு எல்லாரும் சொல்லுதாவ.'

மழை விடப்போகிற சமயம். மேனேஜருடைய பெரிய துரையை எங்கேயோ கூட்டிப் போக வேண்டியிருந்தது. ஆபீஸ் வாசலில் முழங்கால் தண்ணீர். துரை வெள்ளைக் கால்சட்டையோடு நடைபாதையில் நிற்கிறார். மேனேஜர் ஓடி வந்து, "பின்னால எடுத்து நடைபாதையோட ஒட்டி நிறுத்து. துரை கால் நனையப்படாது" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "என்னடா முழிக்கிறே? எடு!" எடுத்தேன். டயர் கல்லில் முட்டியது, ரப்பரை வாயில் போட்டு இழுத்தது, மட்கார்டு பாதி கிழிந்து தொங்கியது. கிழிந்த சத்தத்தில் டிராமுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

துரை குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். யார் இதை மாட்டியது என்றுதான் கேட்டிருக்க வேண்டும். தெருவில் ஒருவர் மிச்சமில்லாமல் 'நானாக்கும், நானாக்கும்' என்று சொல்லிச் சொல்லித் தீர்த்த அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கையை நீட்டி என்னைக் காட்டினார். "மை டிரைவர்" என்றார். அந்த இரண்டு வார்த்தை இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.

மறுநாள் கணக்கை முடித்து அனுப்பினார். ஆனால் கடிதம் கொடுத்தார்! உறையில் போட்டு, ஒட்டி, சிரித்த முகத்தோடு கொடுத்தார். நானும் ஒரு மடையன், கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். மனுஷனுக்கு நெஞ்சில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று தாராவி போகிற வழியெல்லாம் நினைத்தேன். அறையில் இருந்தவர்களுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

பஸ் கம்பெனி ஆபீஸில் ஒரு தமிழ் குமாஸ்தா உறையைக் கிழித்தார். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாய்யா உமக்கு?"

"நல்ல டிரைவர்னு."

"முதலாளி வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, மலிவான மட்ஃப்ளாப் வாங்கித் தானே மாட்டி, வண்டியக் கெடுத்தவன்னு இருக்கு. கீழ கையெழுத்து. நான் என்ன செய்ய?"

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. செம்பூர்ப் பக்கம் கல் உடைக்கிற இடத்தில் லாரி ஓட்டப் போனேன். படுக்கையும் லாரியிலேயே. கல் தூசி தின்று இரண்டு வருஷத்துக்கு மேல். கார்டுகள் வந்தபடி இருந்தன. 'பேச்சி தவழுதா.' அப்புறம், 'பேச்சி இப்பம் நடக்கா.' அதைக் கிளீனருக்குப் படித்துக் காட்டினேன். அவன் மராட்டிக்காரன், ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினான்.

கடைசியில் ராணுவத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, கடிதம் வாங்கி, பஸ் வேலை கிடைத்து, அறை பிடித்து, தாதர் ஸ்டேஷனில் போய் நின்றேன். செல்லக்கனி இறங்கினாள். பின்னால் மூன்று வயதுப் பெண் ஒன்று, என் மூக்கோடு. தூக்கப் போனேன், அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டாள். அறைக்கு வந்து, சாப்பிட்டு, விளக்கு வைக்கிற நேரம் அவள் அம்மாவிடம் கேட்டாள்.

"இந்த ஆளு எப்பம் போவாரு?"

அன்றிலிருந்து திட்டத் தொடங்கினேன். கல் உடைத்த இடத்துச் சேட்டைச் சொல்லவில்லை, சர்க்காரைச் சொல்லவில்லை. அந்த மேனேஜரைத்தான், எழுந்ததும் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை கரித்துக்கொட்டினேன். ஒரே ஒரு முறை அவரை மறுபடி பார்த்தேன். கொட்டுகிற மழை. மாதுங்காவில் பஸ் ஓட்டி வருகிறேன், அவர் ஓரமாகக் குடை பிடித்து நடந்து போகிறார், வெள்ளை வேட்டி. காரைக் காணோம். பக்கத்தில் நல்ல பெரிய குட்டை. வேண்டுமென்றே அதில் விட்டேன். திரும்பிப் பார்த்தால் வேட்டி அப்படியே வெள்ளை வெளேரென்று இருக்கிறது! பஸ் கம்பெனி ஃபிட்டர் பாவி, மட்ஃப்ளாப்பை ஒழுங்காக அளந்து வெட்டி மாட்டியிருந்தான். ஒரு சொட்டு தெறிக்கவில்லை.

இந்த இடத்தில் கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்து முடித்துவிடுவேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் சொல்லிவருகிறேன். ஒன்றை விட்டுவிட்டுச் சொல்கிறேன், இன்றைக்கு உங்களிடம் சொன்னால் என்ன? டயர் ரப்பரைப் பிடித்தது எனக்குத் தெரியும். லாரி ஓட்டியவனுக்கு அது உட்காருகிற இடத்திலேயே தெரியும். அப்போதே ஒரு சாண் முன்னால் எடுத்திருந்தால் ரப்பர் விடுபட்டிருக்கும், மட்கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எடுக்கவில்லை. மாட்டு வண்டி என்றானே என்று காலை இன்னும் அழுத்தினேன்.

டோம்பிவிலியில் மருமகன் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு எழுந்தார். நான் போய்க் குனிந்து, தரையில் கையை வைத்துப் பார்த்தேன்.

"வெட்டணும்."

"கம்பெனி சைஸ் மாமா, சரியாத்தான் இருக்கு."

"வெட்டுங்கன்னா வெட்டுங்க!"

பேச்சி காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்தாள். "ஒரு ரப்பருக்காப்பா இம்புட்டுக் கோவம்?" என்றாள். கத்தியைக் கொடுத்துவிட்டு உள்ளே நடந்து போனாள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பாள், நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

அந்த மாதிரி தனி மட்கார்டு வைத்த கார்கள் இப்போது இல்லை. டிராம் இல்லை. மேனேஜரின் வீடு இருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது, அவரும் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். செல்லக்கனி போய் நாலு வருஷம் ஆகிறது. பேச்சி முதன்முதலில் எழுந்து நடந்தபோது எங்கே நடந்தாள், யாரைப் பார்த்து நடந்தாள், எத்தனை அடி போய் விழுந்தாள் என்று செல்லக்கனியிடம் ஒரு நாள் கேட்டிருக்கலாம். மேனேஜரைத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டேன், கேட்கவில்லை.