கால் அங்குல மாப்பிள்ளை

காலை 5.25. உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்து நின்றிருந்தது. மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. சன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நானும் என் மனைவி தெய்வானையும் ஏறியபோது வண்டியில் பதினோரு பேர். கிளம்பியபோது நாற்பத்திரண்டு. பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஆனைமலைப் பக்கம் இன்னும் பதினான்கு. அங்கே என் மைத்துனன் நடராசுவின் தென்னந்தோப்பில் பத்து மணிக்குக் காய் பறிக்க ஆள் வருகிறார்கள். அதற்குள் நான் ஒரு கல்யாணம் பார்த்தாக வேண்டும். சிலந்திக் கல்யாணம்.

இது ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் ஓய்ந்ததும் தென்னை மரங்களுக்கு நடுவே ஆளுயரத்துக்குப் பொன்னிறத்தில் வலை கட்டும் பெரிய சிலந்தியைப் பலர் பார்த்திருப்பீர்கள். காலை விரித்தால் என் உள்ளங்கையை மூடும். கோவையில் சிலந்திகளைக் கணக்கெடுக்கும் குழு ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு நான் அவர்களுக்கு இந்தத் தோப்பின் கணக்கை எழுதி அனுப்பினேன்: வலைகள் 19, தாய்கள் 19, குஞ்சுகள் 44. முப்பத்தோரு ஆண்டு பஞ்சாலையின் சோதனைக்கூடத்தில் நூல் எண்ணியவன் நான். எண்ணிக்கையில் தப்பு வராது என்று இருந்தேன்.

குழுவை நடத்தும் கல்லூரிப் பேராசிரியை தொலைபேசியில் மிக மரியாதையாகத்தான் சொன்னார். "ஐயா, அதுல ஒண்ணுகூடக் குஞ்சு இல்லீங்க. பாதி புருசனுங்க, பாதி திருடனுங்க." எண் சரி, பெயர் தப்பு. என் கணக்கைச் சேர்க்கவில்லை. இந்த ஆண்டு சேர்க்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை: ஆண் பெண்ணிடம் போவதை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்து, நேரம் குறித்து, படத்தோடு தர வேண்டும். யார் யாரென்று எனக்குத் தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. இந்த மாதம் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். நேற்று நடராசு கூப்பிட்டு, "மாமா, நாளைக்குக் காய் போடறமுங்க" என்றான். காய் விழுந்தால் வலை நிற்காது. அவை மறுபடி வலை கட்டி, ஆண்கள் வந்து சேர நாளாகும். அதற்குள் பருவமே முடிந்துவிடும்.

நடத்துநர் என் கழுத்தில் தொங்கிய மடக்குக் கண்ணாடியைப் பார்த்தார். துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணும் கண்ணாடி அது. "ஏனுங்க பெரியவரே, நகை மதிப்பிடப் போறீங்களா?"

"சிலந்தி பார்க்கப் போறோம்."

"அதுக்குப் பொள்ளாச்சி எதுக்குங்க? எங்கூட்டுக்கு வாங்க. டிக்கெட் இல்லாமப் பாக்கலாம்."

தெய்வானை சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

காலை 7.05. பொள்ளாச்சி. சந்தை நாள் என்பதை மறந்துபோனேன். மாடு ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்க, ஊருக்குள் நுழையவே பதினெட்டு நிமிடம் வீண். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் நான் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தேன் என்பது தெய்வானைக்குத் தெரியும், ஒன்பது என்றாள். ஆனைமலை நகரப் பேருந்தில் அவளுக்குக் கட்டணம் இல்லை, எனக்கு உண்டு. "உங்களுக்கும் சேலை கட்டிக் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்க" என்றாள்.

காலை 8.10. நிறுத்தத்திலிருந்து தோப்பு வாசல் 1,140 அடி நடை. தென்மேற்கு மூலையில், நடராசுவின் மொழியில் கன்னி மூலையில், இரண்டு மரங்களுக்கு இடையே அந்த வலை. தோப்பில் அன்று பதினான்கு வலைகள். ஆண் தென்பட்டது ஒன்பதில். இந்த மூலை வலையில் மட்டும் பெண் ஒரு பெரிய வெட்டுக்கிளியைப் பிடித்துச் சுற்றிவைத்துத் தின்னத் தொடங்கியிருந்தாள். அவள் வாய் ஓயாதபோதுதான் ஆணுக்குத் துணிச்சல் வரும் என்று படித்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் அளவுகோலை வலையில் படாமல் பிடித்துப் பார்த்தேன். பெண்ணின் உடம்பு நாலரை சென்டிமீட்டர். ஆண் எங்கே? எனக்குத் தெரியவில்லை. தெய்வானைதான், "மேல, வலதுபக்கம், செவப்பா, கறிவேப்பிலைக் காம்பாட்டம்" என்றாள். ஆறு மில்லிமீட்டர். கால் அங்குலம்கூட முழுசாக இல்லை. கண்ணாடி வைத்தேன். முகத்தின் முன்னால் இரண்டு சிறு கைகள், நுனி மட்டும் மொட்டுப்போல் உருண்டிருந்தன. விந்தைச் சுமப்பது அந்த மொட்டுகள்தான். குஞ்சுக்கு அது கிடையாது. ஓரத்தில் வெள்ளிப் பொட்டுப்போல் தொங்கியவை வேறு இனம், அவள் சாப்பாட்டில் கை வைக்கும் திருடர்கள். சென்ற ஆண்டு இவை எல்லாவற்றையும் நான் ஒரே தொட்டிலில் போட்டிருந்தேன்.

"இத்தனூண்டா அவ புருசன்?" என்றாள் தெய்வானை.

அவள் என்னைவிட மூன்றரை அங்குலம் உயரம். நான் அளவுகோலைப் பைக்குள் வைத்தேன்.

காத்திருந்த நேரத்தில் அவளிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். எல்லோரும் ஆண் சிறுத்துப்போனான் என்று நினைக்கிறோம். நடந்தது வேறு. இவனுடைய உடம்பு சாதாரணச் சிலந்தி அளவுதான். தலைமுறை தலைமுறையாகப் பெருத்தவள் அவள். வயிறு பெரிதானால் முட்டை அதிகம். முட்டை அதிகம் இட்டவளின் மகள்களும் பெரியவர்களானார்கள். ஆணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குறைந்த முறை தோலுரித்து, சீக்கிரம் வளர்ந்து, அவள் பருவமடையும்போது பக்கத்தில் இருந்தால் போதும். சின்னவனாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு என்கிறார்கள்: அவனைத் தின்னும் சிரமத்துக்கு அவளுக்குப் பயன் குறைவு.

"அப்ப பொழைச்சுக்குவானா?"

"பல இனங்களில் பிழைப்பதில்லை."

காலை 9.05. பத்து மணி என்றவர்கள் ஐம்பத்தைந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டார்கள். ஆறு பேர், நீண்ட மூங்கில் தொரட்டிகள் நான்கு. தலைவர் மாரிமுத்து நேராக எங்கள் மூலைக்கே வந்தார். முதல் காயைக் கன்னி மூலையில்தான் போடுவார்களாம். வேறு மூலையில் ஆரம்பிப்பதில்லை. நடராசு, "மாமா, அதை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க, ஆள் திரும்பிப் போயிருவாங்க" என்றான். மூன்றாவது முறையும் போச்சு என்று நோட்டை மூடினேன்.

தெய்வானை விடவில்லை. "ஏனுங்க மாரிமுத்து, மூலைன்னா இந்த ரெண்டு மரந்தானா? அதோ வேலியோரம் நிக்குதே, அதுவும் மூலைதானுங்களே?"

"அதுவும் மூலைதானுங்கம்மா."

"அதுல ஒத்தக் காய் போட்டுப்போட்டு, அந்தப்பக்கம் வரிசை புடிச்சுப் போங்க. கடைசியா இங்க வாங்க."

மாரிமுத்து மரத்தையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்குங்கம்மா?"

"இங்க ஒரு மாப்பிள்ளை உள்ளே போகப்போறாரு. உசுரோட வாராரான்னு பாக்கோணும்."

அவர் குனிந்து பார்த்தார். செம்பொட்டைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. "அட! நம்மூட்டுக் கதையாட்டவே இருக்குது" என்றார். பின்னால் நின்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். "சரிங்க. ஒத்தக் காய்."

காலை 9.22. ஆண் இறங்கத் தொடங்கினான். தெய்வானை செல்போனைப் பிடித்தாள். நான் நேரம் எழுதினேன். 9.26: அவள் முதுகில் ஏறிவிட்டான். உடனே காரியத்துக்குப் போகவில்லை. அவள் தோளிலும் முதுகிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து மெல்லிய இழை போட்டான். அவளைக் கட்டிப்போட அந்த இழைக்கு வலு கிடையாது. ஒரே உதறலில் அறுத்துவிடுவாள். ஆனாலும் அது மேலே படப்பட அவள் கால்கள் தளர்ந்தன. முப்பத்தோரு ஆண்டு நூலின் வலுவைச் சோதித்தவன் நான். வலுவில்லாத நூல் இப்படி வேலை செய்து பார்த்ததில்லை. எண்ணினேன்: முப்பத்தேழு முறை குறுக்கே போனான்.

9.41: தொரட்டி அரிவாள்களைத் தீட்டி முடித்ததும், வேலியோரத்தில் தொப்பென்று முதல் காய் விழுந்தது. தரை அதிர்ந்தது. வலை ஆடியது. அவள் வெட்டுக்கிளியை விட்டு எட்டுக் காலையும் விறைத்தாள். "போச்சுங்க!" என்றாள் தெய்வானை, ஆனால் போன் அசையவில்லை. ஆண் ஓடவில்லை. முதுகோடு ஒட்டிக் கிடந்தான். அரை நிமிடம். பிறகு மறுபடி இழை: நாலு முறை, ஐந்து முறை. அவள் கால் தளர்ந்தது, வெட்டுக்கிளிக்குத் திரும்பினாள்.

9.44: முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் வந்தான். அந்த மொட்டுக் கைகளில் ஒன்றை அவள் அடிவயிற்றில் பொருத்தினான். அப்புறம் மற்றதை. அவள் தின்றுகொண்டே இருந்தாள். 10.03: கையை எடுத்தான். இனிதான் ஆபத்து. அவள் ஒரு முன்காலைத் தூக்கினாள். அவன் ஒரு நூலில் தொற்றி, சர்ரென்று மேலேறி, வலையின் விளிம்பைப் பிடித்தான். கண்ணாடியில் கால்களை எண்ணினேன். எட்டு. இரண்டாம் முறை எண்ணினேன். எட்டு!

"எட்டு!" என்று நான் கத்தியிருக்கிறேன். நான்காம் வரிசையிலிருந்து மாரிமுத்துவின் குரல்: "ஐயா, மாப்பிள்ளை தப்பிச்சாரா?"

"தப்பிச்சாருங்கோ!" என்றாள் தெய்வானை.

ஆறு பேரும் ரேக்ளா பந்தய மாட்டுவண்டி எல்லைக்கோட்டைத் தாண்டியதுபோல் கூவினார்கள். ஒருவர் துண்டைச் சுழற்றினார். நடராசு ஓடிவந்து என் முதுகில் தட்டியதில் கண்ணாடி நழுவிவிட்டது.

பகல் 11.15. படத்தையும் கணக்கையும் அனுப்பிவிட்டேன்: வலைகள் 14, பெண்கள் 14, ஆண்கள் 23, திருடர்கள் 31, குஞ்சுகள் இல்லை. பத்து நிமிடத்தில் பேராசிரியை கூப்பிட்டார். மொட்டுக் கையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். இழைச் சுற்று எத்தனை என்றார்.

"காய் விழும் முன் முப்பத்தேழு. விழுந்தபின் ஐந்து."

இரண்டு எண்ணையும் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். "ஐயா, நாங்க யாரும் சுத்தை எண்ணினதே இல்லீங்க. ஆனைமலைப் பக்கத் தோப்பு எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கறீங்களா?"

பகல் 12.40. திரும்பும் பேருந்து. கோவையில் எங்கள் தெருவில் மொத்தம் அறுபத்திரண்டு வீடுகள். யார் எந்த வீட்டில் என்று கேட்டால் உடனே சொல்வேன். இங்கே சன்னலுக்கு வெளியே தென்னை முடிகிற இடமே தெரியவில்லை.

"எல்லாத் தோப்பும்னா எத்தனைங்க?" என்றாள் தெய்வானை.

"தெரியாது."

இந்தச் சொல்லை நான் சொல்லி அவள் கேட்டு எத்தனை வருடமோ. செல்போனைப் பையிலிருந்து எடுத்து, நான் என் மடக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்கு அஞ்சு மணி வண்டிக்கே வந்தரலாமுங்க" என்றாள்.