கவனக்குறைவு சார் கழற்றிய கார்

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் கவனக்குறைவு சார். மோதிய வண்டியைப் போய்ப் பார்த்து, அது ஏன் மோதியது என்று எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். படிவத்தில் 'விபத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தில் அவர் எழுதிவந்தது இரண்டே சொல்: ஓட்டுநரின் கவனக்குறைவு. பள்ளத்தில் இறங்கிய லாரிக்கும் அதுதான், மரம் முறிந்து மேலே விழுந்த வேனுக்கும் அதுதான். மரத்தடியில் நிறுத்தாமல் இருந்திருக்கலாமே என்பது அவர் கட்சி.

'பிரேக் பிடிக்கலை சார்' என்று சொல்லாத டிரைவரை அவர் பார்த்ததில்லை. அவர்களோடு சண்டையெல்லாம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மிதிச்சீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். மறுபடி கேட்பார். மூன்றாவது தடவை கேட்கும்போது எதிராளிக்கே சந்தேகம் வந்து, "ஒருவேளை லேட்டா மிதிச்சிருப்பேனோ..." என்று இழுப்பார். அந்த இடத்தில்தான் சார் பேனாவைத் திறப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. சாரின் மனைவி கணக்கு டீச்சர். பதினாலு வயதான தங்கள் நீலக் காரில்தான் தினமும் பள்ளிக்கூடம் போவார். ஒரு நாள் காலையில் தெருமுனையில் சைக்கிள் ஒன்று குறுக்கே வர, டீச்சர் பிரேக் போட, கார் இடது பக்கமாகத் திரும்பிப்போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முட்டி நின்றது. சைக்கிள்காரர் தப்பித்தார். சுவருக்குக் கீறல்கூட இல்லை. காரின் இடது பக்க முகம் போயே போய்விட்டது. டீச்சருக்கு நெற்றியில் இரண்டு தையல்.

"நான் மிதிச்சேங்க. வண்டி தானா இடது பக்கம் இழுத்துட்டுப் போச்சு."

"மிதிச்சியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

தையல் போட்ட அறையிலேயே, பஞ்சு ஒட்டிய நெற்றியோடு உட்கார்ந்திருந்த மனைவியிடம் மூன்று தடவை கேட்டார் மனிதர். இவரை என்னவென்று சொல்வது? வாயில் வருவதையெல்லாம் எழுத முடியாது.

அதற்குப் பிறகு டீச்சர் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனார். டீச்சரின் தம்பி வேடிக்கையாக 'சுவர் டீச்சர்' என்று ஆரம்பித்து வைத்தான். சொந்தக்காரர்கள் மத்தியில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. டீச்சரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவருக்குப் புதுக் கார் வேண்டாம், மன்னிப்புக்கூட வேண்டாம். 'நீ மிதிச்சே' என்று சார் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் வருவேனா என்றது.

இதற்கிடையில் சாரின் அலுவலகத்திலிருந்தே இன்னொரு சர்வேயர் வந்து காரைப் பார்த்து, 'ரிப்பேருக்குத் தேறாது' என்று எழுதிவிட்டுப் போனார். ஊரார் வண்டிகள் ஆயிரத்துக்கு அதே வரியை எழுதிய சாருக்கு, தன் வண்டிக்கு எழுதியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வண்டியைத் தேறாதுன்னு சொல்ல இவன் யாரு? நானே நிமிர்த்திக் காட்டறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். கார் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டு, வீட்டு வாசல் ஷெட்டில் செங்கல் மேல் ஏறி உட்கார்ந்தது.

ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் வீட்டிலேயே அவர் கைதான். அதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை முடுக்கி முடித்ததும், சின்னத் தூரிகையால் போல்ட்டையும் அது உட்காரும் இடத்தையும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். வேறு யாராவது அந்தப் போல்ட்டைத் தொட்டுத் திருகினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். "நாளைக்கு ஒருத்தன் வந்து நான் முடுக்கலைன்னு சொல்லக் கூடாது பாரு" என்பார். அப்படிச் சொல்ல ஒருவரும் இதுவரை வந்ததில்லை. ஆனாலும் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதம், சனி ஞாயிறு முழுக்க, தெருவே அவர் சுத்தியல் சத்தத்தில் கண் விழித்தது. நசுங்கிய பானெட்டைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். பழைய சாமான் கடையிலிருந்து ரேடியேட்டரும் ஹெட்லைட்டும் வந்தன. மட்கார்டைத் தட்டி நிமிர்த்துகிறேன் என்று தட்டியதில் பழைய பள்ளம் போய்ப் புதுசாக நாலு பள்ளம் வந்தது. எல்லாவற்றையும் பட்டிப் பசை பூசி மூடினார். பூசிய கனத்தில் அந்தப் பக்கக் கன்னம் பல்வலி வந்ததுபோல் வீங்கி நின்றது.

மாடியில் குடியிருந்தவர் பல் துலக்கும் நேரமெல்லாம் பால்கனியில்தான். "சார், வலது பக்கம் ஒரு நீலம், இடது பக்கம் ஒரு நீலமா இருக்கே?"

"வெயில்ல அப்படித் தெரியும்."

"சாயங்காலமும் அப்படித்தான் சார் தெரிஞ்சுது. அப்புறம், உங்க இடது லைட் எங்க வீட்டு அடுப்படிக்குள்ள அடிக்குது. என் வீட்டுக்காரி அந்த வெளிச்சத்துலயே காய் நறுக்கிட்டா."

சார் மறுபடி சுத்தியலை எடுத்தார். டீச்சர் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பார், பானெட்டின் மறுமுனையைத் தூக்குவார், டீ கொண்டுவந்து வைப்பார். "இப்படிப் பிடி, அப்படிப் பிடிக்காதே, உனக்கு எதுலயும் கவனம் இல்லை" என்று அதற்கும் வசவு விழும். டீச்சர் டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிப்பார்.

கடைசிச் சனிக்கிழமை காலையில், டீச்சர் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தார். இடது பக்க வேலை முழுக்க முடிந்திருந்தது. அடிபடாத வலது முன்சக்கரத்தை மூன்று மாதமாக சார் திறந்தே பார்க்கவில்லை. அடிபட்ட பக்கத்தை விட்டுவிட்டு அடிபடாத பக்கத்தை யார் பார்ப்பார்கள்? சும்மா தூசி தட்டி வைப்போம் என்றுதான் கழற்றினார். கழற்றியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிரேக் பேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு முகத்தில், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பூச்சு, மறு முகத்தில் வெறும் இரும்புத் தகடு. பூச்சுள்ள முகம் டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். இங்கே இரும்பு முகம் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு. மிதித்தால் இடது சக்கரம் பிடிக்கும், வலது சக்கரம் வழுக்கும், வண்டி இடது பக்கம் திரும்பும். டீச்சர் சொன்னது அட்சரம் பிசகாமல் அதுதான்.

எந்த மனிதரும் செய்வதை சாரும் செய்தார். வேறு ஆளைத் தேடினார். காற்றடிக்கிற கடைப் பையனாக இருக்குமோ? வண்டி கழுவுகிற இடத்தில் எவனாவது கை வைத்திருப்பானோ? குனிந்து, பேட்டைப் பிடித்திருக்கும், இன்னும் கழற்றாத போல்ட்டைப் பார்த்தார். மஞ்சள் கோடு. ஒரு நூல் விலகாமல், நேராக, அழகாக, அவர் கை இழுத்த கோடு. விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அவர்தான் பேட் மாற்றினார். "வண்டியில கீச்சுன்னு சத்தம் வருதுங்க" என்று டீச்சர் இரண்டு தடவை சொன்னதும், "புது பேட் அப்படித்தான், போகப் போக சரியாயிடும்" என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

டீச்சர் வருவதற்குள் டிஸ்க்கையும் பேட்டையும் மாற்றினார். இந்தத் தடவை பூச்சு முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துப் பொருத்தினார். பழைய பேட் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றினார். குப்பைத் தொட்டியில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சாட்சியத்தைப் பத்திரமாகப் பைக்குள் போட்டே பழகிய கை அது. பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வெள்ளோட்டம். டீச்சரின் தம்பி வந்திருந்தான். பால்கனியில் மாடிக்காரர் ஆஜர். கார் இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியது. சார் இறங்கி வந்து சாவியை டீச்சரிடம் நீட்டினார்.

"மாமா, முதல்ல அந்தச் சுவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றான் தம்பி.

டீச்சர் சிரிக்கவில்லை, சாவியையும் வாங்கவில்லை. "எனக்கு வேண்டாங்க."

"வண்டி நல்லா இருக்கு. ஓட்டு."

"வண்டி நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான்..." டீச்சர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "அன்னிக்கு நான் மிதிக்கவே இல்லையோன்னு இப்பல்லாம் தோணுது. எவ்வளவு யோசிச்சாலும் கால் எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வர மாட்டேங்குது. நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும்."

எந்த டிரைவர் வாயிலிருந்தும் சார் எதிர்பார்க்கும் வாக்கியம் இதுதான். பேனாவைத் திறக்க வேண்டிய இடம். பழக்க தோஷத்தில் கை சட்டைப் பைக்குக்கூடப் போனது. ஆனால் பேனாவை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பேரை இப்படிச் சொல்ல வைத்தோம் என்று ஒரு நிமிஷம் பயந்தே போனார். கை பேன்ட் பாக்கெட்டுக்கு இறங்கி, செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தது.

"வலது முன்சக்கரத்தில், பிரேக் பேட், தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது" என்றார், படிவம் வாசிப்பது மாதிரி.

"யாரு மாமா பொருத்தினது?" என்றான் தம்பி.

"பொருத்தப்பட்டிருந்தது."

"யாருங்க?" என்றார் டீச்சர்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "நான்தான்."

"அப்ப, நான் மிதிச்சேனா?"

"மிதிச்சே. நீ நல்லாத்தான் மிதிச்சே. பிடிக்க விடாம பண்ணது நான்."

தம்பி தரையைப் பார்த்தான். மாடிக்காரர் வாயில் நுரையோடு உள்ளே போய்விட்டார். அவராக உள்ளே போனது அந்த மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. டீச்சர் அந்தப் பேட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. எட்டு மாதமாக அடக்கிவைத்த கோபம் அது, அழுகை இல்லை.

"மத்த மூணு சக்கரத்தையும் கழட்டுங்க."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சார் ஜாக்கியை எடுத்தார். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்ற, டீச்சர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சார் முடுக்கி முடித்துத் தூரிகையைத் தேடினால் அது டீச்சர் கையில் இருந்தது. மஞ்சள் கோட்டை டீச்சரே இழுத்தார்.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தெருமுனைக்கு ஓட்டினார். தொட்டிச் சுவர் தெரிந்ததும் பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் ஒரு விரல்கடைகூட விலகாமல் நேராக நின்றது. பெல்ட் போட மறந்த சாரின் நெற்றி முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டது.

"மிதிச்சேன். பார்த்தீங்களா?" என்றார் டீச்சர்.

"பார்த்தேன்" என்றார் சார், நெற்றியைத் தடவிக்கொண்டே.

டீச்சர் மூன்று தடவை கேட்டார். சார் மூன்று தடவையும் சொன்னார்.